ஒன்பது நூல், எட்டு ஊசி

கதிர்சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் இயந்திரத்தைப் போன வாரம் பார்த்தேன். சிறிய வீட்டளவு இருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து, கனத்த கதவைச் சாத்தி, வெளியே வந்து பொத்தானை அழுத்துகிறீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் கதிர் என்பது ஒரு சின்ன ஊசிக்குள் இருந்தது. கையால் தொடக்கூடாது என்பதால் நீண்ட இடுக்கியால் எடுத்தோம். சின்னதாக இருந்ததால் தொலைக்கவும் முடிந்தது. உங்களால் உங்கள் இயந்திரத்தைத் தொலைக்க முடியாது. அந்த ஒரு திறமையில் நான் உங்களுக்கு மூத்தவன்.

நடந்தது தூத்துக்குடியில், நாற்பதுகளின் கடைசியில். ஆண்டைத் துல்லியமாகச் சொல்லியிருப்பேன். என் நாட்குறிப்பின் அட்டையையும் முதல் பக்கத்தையும் கரையான் தின்றுவிட்டது. உள்ளே கிழமையும் மணியும் பத்திரமாக இருக்கின்றன. எனவே ஆண்டு தெரியாமல் நிமிடம் மட்டும் தெரிந்த வரலாறு இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே நான் டிரெஸ்ஸர், அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். ரேடியம் வரும்போது மட்டும் அதற்கும் காவல். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஈயப் பெட்டியில் ரயிலேறி வரும். வேலை முடிந்ததும் அதே பெட்டியில் திரும்பிப் போகும். உள்ளே ஒன்பது ஊசிகள். ஒவ்வொன்றும் பிளாட்டினக் கூடு, தலையில் ஒரு காது, வயிற்றுக்குள் ரேடிய உப்பு. கன்னத்தில் புற்று வந்தவருக்கு அந்த ஊசிகளைக் கட்டியின் ஊடே வரிசையாகச் செருகி, ஒவ்வொன்றின் காதிலும் பட்டு நூல் கட்டி, நூல்களின் நுனியை வாய்க்கு வெளியே இழுத்துக் கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுவார் பெரிய டாக்டர். ஏழு நாள் இருக்க வேண்டும். அவசரமாகப் பெருகுகிற புற்றுச் செல்களைக் கதிர் அடித்துச் சாய்க்கும். பக்கத்துச் சதையும் அடிபடும், ஆனால் அது மெல்ல எழுந்துகொள்ளும். நேரம் குறைந்தால் நோய் மிஞ்சும். கூடினால் சதை வெந்துபோகும். ஒவ்வொரு ஊசியும் தன்னைச் சுற்றி ஒரு நெல்லிக்காய் அளவு இடத்தைத்தான் கவனிக்கும். ஒன்று விலகினால் வேலியில் ஓர் ஓட்டை.

நோயாளி மிக்கேல் அண்ணாச்சி, தருவைகுளத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியவர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்து அப்போது இருபது வருஷம் இருக்கும், அதில் குளித்தவர். அதற்குப் பிறகு சங்கு குளித்தார். வெற்றிலையும் புகையிலையும் இடது கன்னத்தில் எந்நேரமும் குடியிருந்ததால் அதே இடத்தில் கட்டி. ஒரு புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு ஒன்பது ஊசிகளும் உள்ளே போயின. அடுத்த புதன் பத்து இருபதுக்கு எடுக்க வேண்டும். வியாழன் மாலை ரயிலில் பெட்டி போயாக வேண்டும். வேறோர் ஊரில் வேறொரு நோயாளி காத்திருந்தார்.

என் வேலை எண்ணுவது. காலை எட்டு, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அண்ணாச்சி கன்னத்தில் தொங்கிய நூல்களை எண்ணி "நூல் ஒன்பது, சரி" என்று எழுதுவேன். ஏழு நாளில் ஒரு வேளையும் தவறவில்லை. கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும்.

புதன் காலை டாக்டர் நூல்களை ஒவ்வொன்றாக இழுத்தார். எட்டு நூல் எட்டு ஊசியைக் கொண்டுவந்தது. ஒன்பதாவது, சும்மா வந்தது.

டாக்டர் நூலின் நுனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, துறைமுகத்தில் கை நசுங்கிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நான் ஆபரேஷனுக்குப் போகணும். ஊசி எப்ப வெளிய வந்துச்சு, எங்க இருக்கு, ரெண்டும் எனக்குத் தெரியணும். நாளைக்குப் பெட்டி போறதுக்குள்ள அதைத் திரும்ப வச்சு, குறைஞ்ச நேரத்தை ஈடு கட்டணும். இல்லேன்னா அந்த இடத்துல நோய் தங்கிரும். அப்புறம் நாம செஞ்சதெல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

போகிற போக்கில் அண்ணாச்சியின் வீங்கிய வாயைப் பார்த்து, "ரெண்டு நாள் பேசக்கூடாது" என்றும் சொன்னார். நான் உடனே ஒரு அட்டையில் 'பேசக்கூடாது' என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். அன்று நான் செய்த முட்டாள்தனங்களில் இது முதலாவது. ஆனால் அட்டை நன்றாக இருந்தது.

மணி பத்து முப்பத்தைந்து. தேடத் தொடங்கினேன்.

ரேடியத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு கருவி இருந்தது. கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு தங்கத் தகடுகள், பூச்சியின் இறக்கையை விட மெல்லியவை. சீப்பைத் தலையில் தேய்த்து மின்னேற்றினால் தகடுகள் விரிந்து நிற்கும். பக்கத்தில் ரேடியம் இருந்தால் தளர்ந்து சேர்ந்துவிடும். இதைப் பற்றி நான் மூன்று புத்தகங்கள் வாசித்திருந்தேன். மூன்றையும் எழுதியவர்கள் குளிர்ந்த, உலர்ந்த நாட்டுக்காரர்கள். தூத்துக்குடியின் உப்புக் காற்றில் அந்தத் தகடுகள் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

குப்பைக் கூடையில் காட்டினேன். தகடுகள் சேர்ந்தன. கூடையைக் கொட்டிக் கிளறினேன், ஒன்றுமில்லை. சாக்கடை வாயில் காட்டினேன். சேர்ந்தன. சமையல்கட்டுப் பக்கம் போனேன். சமையற்காரர் அருணாசலத்தின் கருவாட்டுக் கூடை முன்னால் போய் நின்றதும் தகடுகள் சட்டென்று ஒட்டிக்கொண்டன.

"கருவாட்டுல ரேடியம் இருக்கு" என்றேன்.

"கருவாட்டுல உப்பு இருக்கு தம்பி. அதுதான் வழக்கம்" என்றார் அருணாசலம்.

நாற்பத்தேழு கருவாட்டை ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து பார்த்தேன். எண்ணிக்கை நாட்குறிப்பில் இருக்கிறது. அடுத்து தலைமை நர்ஸ் எதிரே வந்தார். அவருடைய கொண்டையைத் தாண்டும்போது தகடுகள் சேர்ந்தன.

"சிஸ்டர், கொஞ்சம் கொண்டையை அவுக்க முடியுமா?"

அவர் சொன்ன பதில் நாட்குறிப்பில் இல்லை. எழுதும் வழக்கமில்லாத சொற்கள்.

கடைசியாகக் கருவியை யாருமே இல்லாத கொல்லைச் சுவரோரம், வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். அப்போதும் சேர்ந்தன. ஒன்றரை மணி நேரமாக அந்தக் கருவி கடற்காற்றைத்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எதுவும் இல்லாத இடத்தில் முதலில் சோதித்திருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். உங்கள் கருவிகள் என்னுடையதை விட ஆயிரம் மடங்கு நல்லவை. இருந்தாலும், அவை எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ளாமல் யாருடைய கொண்டையையும் அவிழ்க்கச் சொல்லாதீர்கள்.

வார்டுக்குத் திரும்பினேன். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து என்னவோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே காட்டிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் கவனிக்க நேரமில்லாமல் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பது விரல் காட்டினார். பிறகு மூன்று விரல். பிறகு ஒரே ஒரு விரலை வானத்தை நோக்கி நீட்டினார். அப்புறம் தன் முழங்காலைத் தட்டினார். அப்புறம் கையால் அலை போல் அசைத்து எங்கோ தூரத்தைக் காட்டினார்.

மூத்திரப் பாத்திரம் கொண்டுவந்து வைத்தேன். உதைத்துத் தள்ளினார். கஞ்சி கொடுத்தேன். வேண்டாம். மறுபடியும் மூன்று விரல், ஒரு விரல், முழங்கால், தூரம். எனக்குத் திடீரென்று விளங்கியது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஒரே தேவன், முழந்தாளிட்டு ஜெபம், பிறகு நீண்ட பயணம். மனிதர் தன் முடிவை உணர்ந்துவிட்டார். சாமியாரைக் கூட்டிவர ஆளனுப்பினேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாமியார், சாகப்போகிறவர் நெற்றியில் பூசும் தைலச் சிமிழோடு வந்தார். அவர் பின்னாலேயே அண்ணாச்சியின் மனைவி செசிலியம்மா கஞ்சித் தூக்குவாளியுடன் வந்தாள். கட்டிலருகில் சாமியாரைப் பார்த்ததும் வாளி கீழே விழுந்தது.

"ஐயோ, எம் மவராசா! நேத்துக்கூட எனக்கு மொகங்காட்டிச் சிரிச்சீயளே! கடலு கொண்டுபோவாத ஒம்மளக் கட்டிலு கொண்டுபோயிட்டே!"

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தார். அது அவள் கண்ணுக்குப் படவில்லை. சாமியார் சிமிழைத் திறந்தார். அண்ணாச்சி அதை மூடினார். சாமியார் மறுபடி திறந்தார்.

இந்த நேரத்தில்தான் டாக்டர் ஆபரேஷன் முடிந்து உள்ளே வந்தார். மணி ஒன்று. ஒப்பாரியை ஒரு நிமிடம் கேட்டார். சாமியாருக்கு வணக்கம் சொன்னார். என்னிடம் திரும்பினார்.

"மிக்கேலைக் கேட்டியா?"

"பேசக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, சார். அட்டைகூட மாட்டியிருக்கேன்."

"பேசினா வலிக்கும். பேசலேன்னா செத்துப்போவார்" என்று அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மிக்கேல், ஊசி எங்கே?"

அண்ணாச்சி இரண்டரை மணி நேரமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். வாய் வீங்கியிருந்ததால் பாதி எச்சிலாக வந்தது. நான் திருத்தமாக எழுதுகிறேன்.

"காலம்பரத்துலேருந்து சொல்லுதேன், இந்தத் தம்பி எனக்குப் பாத்திரம் வைக்காரு! ஒம்பது ஊசி எம் வாய்க்குள்ள கெடந்துச்சா? முத்துக்குளிப்புல சிப்பிய மூணு கூறு வைப்பாவ. ரெண்டு கூறு சர்க்காருக்கு, ஒரு கூறு குளிக்கவனுக்கு. அப்ப ஒம்பதுல மூணு எம் பங்குல்லா? ஆனா நீங்க நல்ல மனுசரு. ரெண்டை ஒங்களுக்கே விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். எம் மச்சினன் லூர்து முட்டுவலியில சாவுதான். கன்னத்துக் கட்டியவே கரைக்க மருந்து முட்டுவலியக் கரைக்காதா?"

"எப்ப எடுத்தீர்?"

"நேத்து. மில்லுல சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது பிடுங்குனேன். நூலை அவுத்துட்டு, பழையபடி கன்னத்துல ஒட்டுதேன், கோயில்ல மத்தியான மணி அடிக்கி."

"நூலை ஏன் திரும்ப ஒட்டினீர்?"

அண்ணாச்சி என்னைப் பரிவோடு பார்த்தார். "ராவும் பகலும் இந்தத் தம்பி நூலை எண்ணி எண்ணி எழுதுதாரு. ஒண்ணு கொறஞ்சா அவரு வேலைக்குக் கேடுல்லா?"

என் முத்து முத்தான கையெழுத்தில் செவ்வாய் மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, புதன் காலை எட்டு. நான்கு முறை "நூல் ஒன்பது, சரி". நான் எண்ணியது ஊசியை அல்ல. ஊசி இருப்பதற்கான அடையாளத்தை. அடையாளத்தை எண்ணுவது சுகமான வேலை. அது எப்போதும் சரியாகவே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பின் பங்குமுறையைப் பற்றி ஒரு தனி நோட்டுப் புத்தகமே எழுதி வைத்திருந்தவன் நான். மூன்று விரலைக் கண்டதும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. சாமியார்தான் நினைவுக்கு வந்தார்.

டாக்டர் விரலால் கணக்கிட்டார். செவ்வாய் மத்தியானம், மில் சங்கு ஊதும் பன்னிரண்டு முதல் புதன் பத்து இருபது வரை. இருபத்திரண்டு மணி இருபது நிமிடம் பாக்கி. நாளை மாலை ரயில். "லூர்து எங்கே?"

செசிலியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தூக்குவாளியில் வைத்து ஊசியைக் கொண்டுபோய்த் தன் தம்பிக்குக் கட்டிவிட்டவள் அவள்தான். "தோணியில. கொழும்புக்கு வெங்காயம் ஏத்திட்டு மத்தியானம் பாயி விரிக்காவ."

நாங்கள் கடற்கரைக்கு ஓடியதை ஊர் பார்த்தது. முன்னால் செசிலியம்மா, பின்னால் வெள்ளைக் கோட்டோடு டாக்டர், கடைசியில், எட்டு ஊசியையும் மருத்துவமனையில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, காலி ஈயப் பெட்டியைச் சுமந்துகொண்டு நான். தோணி தள்ளி நின்றது. பாய் மேலேறிக்கொண்டிருந்தது. கிடைத்த வள்ளத்தில் ஏறினோம். துடுப்புத் தண்டு வலித்தவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததே இம்புட்டுக் கனமா?" என்று என்னை வள்ளத்தின் மறுபக்கம் உட்காரச் சொன்னார்.

பாதி வழியில் டாக்டருக்கு முகம் வெளுத்தது. எங்கள் ஊருக்கு வந்து பத்து ஆண்டுகளாகியும் அவர் கடலில் இறங்கியதேயில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏலே லூர்து!" என்று செசிலியம்மா கத்தினாள். "கால்ல கட்டுனதை அவுருலே!"

தோணியின் ஓரத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அவுக்கவா? மாட்டேன்! வலி ஓடியே போச்சுக்கா! இங்கன பாரு!" என்று ஒற்றைக் காலில் குதித்துக் காட்டினார்.

நான் எழுந்தேன். 'அது விஷம், கால் வெந்துபோகும், உடனே கழற்று' என்று கத்த வாயைத் திறந்தேன். டாக்டர் கண்ணை மூடியபடியே என் வாயைப் பொத்தினார்.

"பயமுறுத்தினா என்ன செய்வான்?" என்றார் மெல்ல.

நான் யோசித்தேன். கழற்றிக் கடலில் வீசுவான். வேறென்ன செய்வான்? மிக்கேல் அண்ணாச்சியின் கன்னம் அதோடு போகும்.

டாக்டர் எழுந்து நின்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, திருவிழாவில் குசலம் விசாரிப்பவர் போலக் கேட்டார்: "லூர்து, மருந்து கேட்டுச்சா?"

"ஏகமாக் கேட்டுச்சு, டாக்டரய்யா!"

"சந்தோஷம். அந்த மருந்துக்கு அளவு உண்டு. உம்ம அளவு முடிஞ்சுது. இனி வச்சிருந்தா நல்லது செய்யாது, கெடுதல்தான் செய்யும். கையால தொடாம, கட்டோட இந்தப் பெட்டிக்குள்ள விடும். உம்ம மச்சானுக்கு அளவு இன்னும் பாக்கி இருக்கு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்று வரை நான் வியப்பது அதைத்தான்.

லூர்து யோசித்தார். "மச்சானுக்கா? அதை மொதல்லயே சொல்லப்படாதா?" ஒரு கடகக் கூடையில் பெட்டியை வைத்துக் கயிற்றில் மேலே ஏற்றினோம். மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. கடகம் இறங்கியது. தோணியின் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது.

"இருக்கா?" என்றார் டாக்டர்.

"கட்டு இருக்கு, சார்."

"கட்டைக் கேட்கலை."

ஆடுகிற வள்ளத்தில் நீண்ட இடுக்கியை எடுத்து, பெட்டியின் அடியிலேயே வைத்துக் கட்டைப் பிரித்தேன். முதலில் ஒரு பூண்டுப் பல் வந்தது. அடுத்து ஒரு வசம்புத் துண்டு. பிறகு அந்தோணியார் படம் பதித்த சுரூபம் ஒன்று. எந்த வைத்தியத்தையும் லூர்து விட்டுவைக்கவில்லை. தோணி நகரத் தொடங்கியது. நான்காவது மடிப்பில், வெள்ளையாக, கூர்மையாக, ஊசி.

"ஊசி ஒன்று, சரி" என்றேன்.

டாக்டர் அதற்குப் பிறகுதான் வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்தார்.

ஊசியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, மாலை நான்கு நாற்பதுக்கு அதே இடத்தில் திரும்பச் செருகினார். வியாழன் பிற்பகல் மூன்றுக்கு எடுக்க வேண்டும். அந்த இருபத்திரண்டு மணி இருபது நிமிடமும் நான் ஒரு மணிக்கு ஒரு தடவை டார்ச் விளக்கோடு போய், அண்ணாச்சியின் வாயைத் திறக்கச் சொல்லி, ஊசியின் தலையைக் கண்ணால் பார்த்தேன். நூலை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார் பதினோராவது தடவை, "சிப்பியக்கூட ஒரு தடவைதான்யா தொறப்பாவ."

வியாழன் மூன்று மணிக்கு ஊசி வந்தது. ஒன்பதும் பெட்டிக்குள் போயின. பெட்டி ரயிலேறியது. லூர்து கொழும்பிலிருந்து திரும்பியபோது முழங்காலில் அரையணாக் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. தோல் உரிந்து சில வாரத்தில் ஆறியது. முட்டுவலியும் திரும்பி வந்துவிட்டது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று டாக்டர் எழுதி வைக்கச் சொன்னார், எழுதினேன்.

அண்ணாச்சி மாதம் ஒரு தடவை வந்து வாயைக் காட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு அந்த ஒன்பதாவது ஊசியின் இடத்தை நெடுநேரம் பார்ப்பார். நான் பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஓராண்டு முடிந்த அன்று, கண்ணாடியை வைத்துவிட்டு விரலால் கன்னத்தை உள்ளும் புறமும் தடவினார். கட்டி இருந்த இடம் மெத்தென்று, வழவழவென்று இருந்தது. "நல்லா ஆறிட்டது. ஒண்ணுமில்ல" என்றார்.

செசிலியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி அந்த நிமிடமே பேச ஆரம்பித்தார். கடலைப் பற்றி, சங்கைப் பற்றி, லூர்தின் முட்டியைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றி. கால் மணி நேரம் நிற்கவில்லை. வாசல்வரை போன செசிலியம்மா திரும்பி வந்து என் காதருகில் குனிந்தாள்.

"தம்பி, அந்த அட்டை இன்னும் இருக்கா? இருந்தா வீட்டுக்குக் குடுங்களேன்."